இன்சுலின் தொடங்கினால் சிறுநீரகம் கெட்டுவிடுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அப்பாவுக்கு 61 வயது. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மூன்று வகை மாத்திரை. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி, அதாவது முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரைச் சராசரி, 9.8. மருத்துவர் இன்சுலின் தொடங்கச் சொல்லிவிட்டார், வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. பெரியப்பா ஊசி ஆரம்பித்த இரண்டாம் வருடமே டயாலிசிஸுக்குப் போனார் என்பது ஒரு காரணம். ஆங்கில மாத்திரையே கிட்னியைக் கெடுக்கும், ஊசியை ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதுதான் கடைசிக் கட்டம் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வது இன்னொரு காரணம். அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறி, வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறி, தெரிந்தவர் தரும் சூரணத்தையும் சாப்பிட்டால் ஊசியைத் தவிர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சப்பாத்தியும் சூரணமும் மேலே தெரியும் கேள்விகள். அடியில் இருப்பது, நோய் செய்யும் கெடுதலைவிட மருந்து செய்யும் கெடுதல் பெரிதோ என்ற பயம். அதற்குத்தான் முதலில் பதில் சொல்லவேண்டும்.

நான் பொது மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். அப்பாவின் ரிப்போர்ட்டுகளைப் பார்க்காமல் அவருக்கு எந்த இன்சுலின், எத்தனை யூனிட் என்று சொல்வது முறையல்ல. அது அவருடைய மருத்துவர் தீர்மானிக்கவேண்டியது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நம்பிக்கைகள் ஒவ்வொன்றும் வாரம் தவறாமல் என் அறைக்குள் வருபவைதாம். அவற்றில் சில முழுக்கத் தவறு, சில பாதி உண்மை, ஒன்றிரண்டில் மருத்துவத்துக்கே இன்னும் முழுத் தெளிவு கிடையாது. மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

பெரியப்பாவிடமிருந்தே தொடங்குவோம். உங்கள் வீட்டுப் பயம் அங்கேதான் வேர்விட்டிருக்கிறது. ஒருவர் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பிக்கிறார், இரண்டு வருடத்தில் சிறுநீரகம் செயலிழக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருப்பது கஷ்டம். ஆனால் இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை; பழம் வெகுகாலம் முன்பே கனிந்திருந்தது. சர்க்கரையால் வரும் சிறுநீரகப் பாதிப்பு இரண்டு வருடத்தில் உருவாவதில்லை. இரத்தத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருக்கும்போது, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமடைகின்றன. முதலில் அல்புமின் என்ற புரதம் மிகச் சிறிய அளவில் சிறுநீரில் கசியத் தொடங்கும். அப்போது உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாது. சிறுநீரகம் வடிகட்டி அகற்றவேண்டிய கழிவான கிரியாட்டினினும் இரத்தத்தில் சரியாகவே காட்டும். கிரியாட்டினின் கண்ணில் படும் அளவுக்கு உயரும்போது வடிகட்டும் திறனில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். கசிவு தொடங்கியதிலிருந்து காலும் முகமும் வீங்கும் நாள் வரை பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகிறது.

இனி, நம் ஊரில் இன்சுலினை எப்போது ஒப்புக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவர் முதலில் சொன்ன நாளில் ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. ‘இன்னும் ஒரு மூன்று மாதம் பார்க்கிறேன் டாக்டர்’ என்று வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது. காலில் புண் ஆறாமல் போகும்போதோ, உடம்பு துரும்பாக இளைக்கும்போதோதான் ஊசிக்குக் கையை நீட்டுகிறார்கள். அதற்குள் சிறுநீரகம் பாதி வழி போயிருக்கும். இன்னொன்றும் உண்டு. சிறுநீரகம் பழுதான பிறகு பல மாத்திரைகளைக் கொடுக்க முடியாது, அளவைக் குறைத்துக் கொடுக்கக்கூடிய இன்சுலின் அப்போது முக்கியமான வழியாகிவிடும். அதாவது சிறுநீரகம் கெட்டதால் இன்சுலின் வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். பெரியப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகள் வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். ஊசி தொடங்குவதற்கு முந்தைய ரிப்போர்ட்டுகளிலேயே சிறுநீரில் அல்புமினோ உயர்ந்த கிரியாட்டினினோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இது என் ஊகம் மட்டும் அல்ல. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்து 1998-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தொடக்கத்திலிருந்தே இன்சுலினோ மாத்திரையோ கொடுத்துக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினார்கள். இன்னொரு பிரிவினருக்கு முடிந்தவரை உணவுக் கட்டுப்பாடு மட்டும். பத்து ஆண்டுகளில் முதல் பிரிவின் சராசரி எச்பிஏ1சி 7.0, இரண்டாவதில் 7.9. வித்தியாசம் ஒன்றுக்கும் குறைவுதான். ஆனாலும் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் முதல் பிரிவில் 25 சதவீதம் குறைந்தன. இன்சுலின் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் கூடுதலாகக் கெட்டிருந்தால் அந்த இருபது ஆண்டுகளில் தெரிந்திருக்கும். தெரிந்தது நேர்மாறானது. இன்சுலின் சிறுநீரகத்தைக் கெடுக்காது என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் உறுதியாகச் சொல்கிறேன்.

மெட்ஃபார்மின் மேல் விழும் பழியும் இதே விதமாகத்தான் வருகிறது. உலகம் முழுக்க முதலில் எழுதப்படும் சர்க்கரை மாத்திரை அதுதான். பிரான்சில் 1957-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. உடம்பில் அது உடைபடாமல் அப்படியே சிறுநீரின் வழியாக வெளியேறும். ஆகவே வேறு காரணத்தால் சிறுநீரகம் பலவீனமானால் மருந்து உடம்பில் தேங்கும், தேங்கினால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அதனால்தான் வடிகட்டும் திறனைக் குறிக்கும் எண் 45-க்குக் கீழே வந்தால் அளவைக் குறைக்கிறோம், 30-க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம். நிறுத்தியதைப் பார்த்த குடும்பத்தார், ‘கிட்னி கெட்டதும் டாக்டரே நிறுத்திவிட்டார், அப்படியென்றால் மாத்திரைதான் கெடுத்திருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மெட்ஃபார்மினுக்கு உண்மையான குறைகள் உண்டு. சிலருக்கு வயிற்றைக் கலக்கும். நீண்ட காலம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதனால் காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் கூடும். அப்பாவுக்கு 11 ஆண்டுகள் ஆகின்றன என்பதால் பி12 அளவை ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் சிறுநீரகக் கேடு அதன் குறைகளில் ஒன்று அல்ல.

சிறுநீரகத்தை நிஜமாகக் கெடுப்பவை பல வீடுகளில் மருந்து டப்பாவிலேயே இருக்கின்றன, அவற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. மூட்டு வலிக்காக மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கித் தினமும் விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் முதலிடத்தில் வருகின்றன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து உள்ள ஒருவர் இவற்றை மாதக்கணக்கில் சாப்பிடுவது மிகவும் ஆபத்தானது. மெட்ஃபார்மினைப் பயந்து நிறுத்திவிட்டு வலி மாத்திரையைப் பயமில்லாமல் சாப்பிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அடுத்தது, சர்க்கரைக்குச் சமமாகக் கவனிக்கவேண்டிய இரத்த அழுத்தம். அதே நேரத்தில், புதிய சர்க்கரை மாத்திரைகளில் ஒரு வகை சிறுநீரகத்தைக் காப்பாற்றவே உதவுகிறது. டாபாகிளிஃப்ளோசின் அந்த வகையைச் சேர்ந்தது. சிறுநீரகப் பாதிப்பு ஏற்கெனவே தொடங்கியவர்களில் அது மோசமாகும் வேகத்தை இந்த மருந்துகள் குறைப்பதை 2019, 2020-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. 2020-ல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்த பிறகு விலையும் நன்றாக இறங்கிவிட்டது. அப்பாவின் மூன்று மாத்திரைகளில் அது இருக்கிறதா, இல்லையென்றால் அவருக்குப் பொருந்துமா என்பது மருத்துவரிடம் கேட்கவேண்டிய நல்ல கேள்வி.

சிறுநீரகத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. நெடுநாள் நோயாளி ஒருவர் மகிழ்ச்சியோடு வருவார். மூன்று மாதமாகச் சர்க்கரை குறைந்துகொண்டே வருகிறது, மாத்திரையில் பாதியைத் தானே நிறுத்திவிட்டார், ஆனாலும் 100-க்குள் இருக்கிறது, கஷாயம் வேலை செய்கிறது என்பார். காலை அழுத்திப் பார்த்தால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். இன்சுலினை உடம்பிலிருந்து அகற்றும் வேலையில் சிறுநீரகத்துக்கு முக்கியமான பங்கு உண்டு. அது தளர்ந்தால் இன்சுலின் இரத்தத்தில் அதிக நேரம் தங்கும், சர்க்கரை தானாக இறங்கும். பல ஆண்டுகள் ஏறியே இருந்த சர்க்கரை, எடை குறையாமலும் உணவு மாறாமலும் திடீரென்று ‘நார்மல்’ ஆனால் கொண்டாடுவதற்கு முன் கிரியாட்டினின் பார்க்கவேண்டும்.

இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? நான் சொன்ன அதே பிரிட்டன் ஆய்வில், நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்ததாகக் கணித்தார்கள். அதன் பிறகும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகிறது. மாத்திரைகள் பெரும்பாலும் இருக்கும் இன்சுலினை நன்றாக வேலை செய்யவைப்பவை, அல்லது கணையத்தைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுபவை. சுரப்பே போதாமல் போகும்போது வெளியிலிருந்து கொடுக்கிறோம். உடம்பு தானே செய்துகொண்டிருந்த பொருளைத்தான் கொடுக்கிறோம். அதற்கு உடம்பு அடிமையாவது என்று ஒன்று கிடையாது. நிறுத்தவும் முடியும். அறுவை சிகிச்சையின்போதும், கடுமையான தொற்றின்போதும், கர்ப்ப காலத்திலும் இன்சுலின் போட்டுப் பிறகு நிறுத்தியவர்கள் ஏராளம். புதிதாக நோய் கண்டவர்களுக்குச் சில வாரங்கள் மட்டும் தீவிரமாக இன்சுலின் கொடுத்து நிறுத்தியபோது, ஒரு வருடம் கழித்தும் ஏறக்குறையப் பாதிப் பேர் எந்த மருந்தும் இல்லாமல் கட்டுப்பாட்டில் இருந்ததாகச் சீனாவில் நடந்த ஆய்வு ஒன்று 2008-ல் காட்டியது. மாத்திரையோடு தொடங்கியவர்களில் அந்த நிலையில் இருந்தவர்கள் கால்வாசிக்குச் சற்று அதிகம். ஆனால் உங்களிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 11 ஆண்டுகள் ஆன ஒருவருக்கு, மூன்று மாத்திரையிலும் 9.8 இருக்கும் நிலையில், இன்சுலின் பல ஆண்டுகள் தொடர வாய்ப்பு அதிகம். அப்படித் தொடர்ந்தால் அதற்குக் காரணம் கணையத்தின் நிலை. ஊசி போட ஆரம்பித்ததால் வந்த கட்டாயமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்சுலினின் நிஜமான கெடுதல்களை மறைத்துவிட்டு அதற்காக வாதாடுவது நியாயமில்லை. 2012-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் சுமார் 12,500 பேரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார்கள். தினம் ஒரு முறை போடும் நீண்ட நேர இன்சுலினால் மாரடைப்பும் கூடவில்லை, புற்றுநோயும் கூடவில்லை. கூடியவை இரண்டு: சிறிதளவு எடை, அடிக்கடி வரும் தாழ்சர்க்கரை. இரண்டாவதுதான் முக்கியம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் வரும். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். அப்பாவின் மாத்திரைகளில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால் வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸ் பொடியே வேண்டும். ஒரு பாக்கெட் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐ அழையுங்கள்.

ஊசி போட்டால் கண் போய்விடும் என்று யாராவது சொன்னால், அதில் ஒரு துளி உண்மை ஒளிந்திருக்கிறது. விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு உள்ளவருக்கு, வெகுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால், முதல் சில மாதங்கள் அந்தப் பாதிப்பு கொஞ்சம் மோசமாகலாம். நீண்ட காலத்தில் கட்டுப்பாடு கண்ணைக் காப்பாற்றுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆகவே தீர்வு எளிது. ஊசி தொடங்குவதற்கு முன், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். 9.8-லிருந்து நிதானமாக இறக்கச் சொல்லுங்கள்.

உணவுக்கு வருகிறேன். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம், கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நினைப்பதுபோல் மலைக்கும் மடுவுக்கும் இல்லை. இரவு சோற்றுக்குப் பதில் ஐந்து சப்பாத்தி சாப்பிட்டால் என்ன மிச்சமாகிறது? கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். சென்னையிலுள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் கணித்தது. அதே கணக்கெடுப்பின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. நம் உணவின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் அரைத்த கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதோடு மட்டும் ஆபத்து குறைவது தென்படவில்லை. மாவுச்சத்தின் ஒரு பங்கு பருப்பு, பால் வகைப் புரதத்துக்கு மாறும்போதுதான் குறைவு தெரிந்தது. ஆகவே அப்பா சோற்றை விடவேண்டாம். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் சுண்டலும் முட்டையோ மீனோ வைத்தால் அதற்குப் பலன் உண்டு.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான். வெல்லத்தில் நூற்றுக்கு 85 பங்கும் தேனில் 80 பங்கும் சர்க்கரைச் சத்துதான். அவற்றில் இருக்கும் இரும்பும் தாதுக்களும் ஒரு தேக்கரண்டியில் கிடைக்கும் அளவு பொருட்படுத்தத் தக்கதல்ல. சர்க்கரை நோயாளிக்கு வெள்ளைச் சர்க்கரையிலிருந்து இவற்றுக்கு மாறுவதால் எந்த லாபமும் கிடையாது. ‘இது நல்லது’ என்ற எண்ணத்தில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் நஷ்டம் உண்டு. பழங்களை மொத்தமாக விலக்கவும் வேண்டாம். ஒரு கொய்யாவோ அரை ஆப்பிளோ சாப்பிடலாம், சாறாகக் குடிக்கக் கூடாது.

இப்போது சூரணம். எனக்குச் சித்த மருத்துவத்தில் பயிற்சி இல்லை. அந்த முறையை எடைபோடும் தகுதி எனக்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆய்வுகளில் பார்க்கக் கிடைப்பதை மட்டும் சொல்கிறேன். வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. சிறிய பலன் உண்டு, உணவோடு சேர்ப்பதில் தடையில்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப்போல் இருக்கும். நாக்கின் இனிப்புச் சுவையை அது சிறிது நேரம் மறைப்பது உண்மை, இரத்தச் சர்க்கரையை எந்த அளவுக்குக் குறைக்கிறது என்பதற்குச் சிறிய ஆய்வுகளே இருக்கின்றன. பாகற்காய்க்குப் போதிய சான்று இல்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் முடிவு சொன்னார்கள். கசப்பு இனிப்பை முறிக்கும் என்பது நாக்குக்குப் பொருந்தலாம். இரத்தத்துக்குப் பொருந்தும் விதி அல்ல. ஆவாரம்பூவும் நாவல் கொட்டையும் ‘இருக்கலாம், உறுதியில்லை’ என்ற இடத்தில் நிற்கின்றன. இவற்றில் ஏதாவது நாளை ஒரு நல்ல மருந்தாகத் தேறினால் மகிழ்வேன். மெட்ஃபார்மினே ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் இருந்த ஒரு செடியின் வேதிப்பொருளைப் பின்தொடர்ந்து வந்ததுதான்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் சூரணத்தைப் பற்றிய என் கவலை வேறு. லேபிள் இல்லாமல் பாக்கெட்டில் கட்டித் தரும் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூலிகை என்று விற்ற பொருட்களில் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையே கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் இருந்திருக்கின்றன. இவை சிறுநீரகத்தைக் கெடுப்பவை. எந்தப் பயத்தினால் இன்சுலினை ஒதுக்குகிறீர்களோ, அந்த ஆபத்தை வேறு வாசல் வழியாக உள்ளே விடுவதாகிவிடும். சித்த மருந்துதான் வேண்டும் என்று அப்பா விரும்பினால், அரசு சித்த மருத்துவமனையில் பட்டம் பெற்ற மருத்துவரைப் பாருங்கள், இரு பக்க மருந்தையும் இரு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள், எச்பிஏ1சி 9.8 இறங்கும்வரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இந்த இடத்தில் குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. சிறு வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் இனிப்பு சாப்பிட்டதால் வருவதல்ல. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும்வரை, அந்த நோய் வந்த குழந்தைகளுக்கு மரணத்தைத் தள்ளிப்போட அரைப் பட்டினி ஒன்றுதான் வழியாக இருந்தது. நூறாண்டுகள் கழித்தும் இவர்களுக்கு இன்சுலினுக்கு மாற்று கிடையாது. யாரோ சொன்னார்கள் என்று ஊசியை நிறுத்தி மருந்துப் பொடி கொடுத்து, சில நாட்களிலேயே வாந்தியும் மூச்சிரைப்புமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்ற முடிவதில்லை. உங்கள் உறவில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், நான் அப்பாவைப் பற்றி எழுதிய எந்தச் சலுகையும் அந்தக் குழந்தைக்குப் பொருந்தாது.

‘உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு ஊசி’ என்று அப்பா கேட்பதாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலோருக்கு இரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டும்போதுதான் அது சிறுநீரில் வரத் தொடங்கும். அடிக்கடி சிறுநீர், தாகம், எடை குறைவு எல்லாம் அதற்குப் பிறகு, இன்னும் உயரே போகும்போது வருபவை. அப்போதும் பலருக்குப் பழகிப்போய் ஒன்றும் தெரிவதில்லை. டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாள் பத்தியமாக இருந்து வெறும் வயிற்று அளவை அழகாகக் காட்டிவிடலாம். எச்பிஏ1சி முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரி, அதற்கு அந்த மூன்று நாள் போதாது. ஆனால் எச்பிஏ1சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. இரும்புச் சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் அது நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம், இரத்தம் இழந்தவர்களுக்குக் குறைத்துக் காட்டலாம். அப்பாவின் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், 9.8 என்ற எண்ணை வீட்டில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும்.

இந்த நோய் குணமே ஆகாதா என்ற கேள்விக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வரை ‘ஆகாது’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னோம். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி உணவு கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நோய்க்குரிய அளவுக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். எடை திரும்பியபோது பலருக்கு நோயும் திரும்பியது. 11 ஆண்டுகள் ஆன, ஒல்லியான உடல்வாகு உள்ள ஒருவருக்கு இது எவ்வளவு பலிக்கும் என்பதற்கு உறுதியான பதில் இல்லை; வாய்ப்பு குறைவு என்பதே பொதுவான கணிப்பு. அப்பாவுக்குத் தொப்பை இருந்தால் ஐந்தாறு கிலோ குறைப்பது இன்சுலின் அளவையாவது குறைக்க உதவும். ஆனால் மாத்திரையும் ஊசியும் ஓடிக்கொண்டிருக்கும்போது தானாகப் பட்டினி கிடந்தால் தாழ்சர்க்கரை வந்துவிடும். மருத்துவரோடு பேசிச் செய்யவேண்டியது அது.

ஊசிக்கு அப்பா ஒப்புக்கொண்டால் நடைமுறையில் சில விஷயங்கள். நம் நாட்டில் சின்னக் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பிகளும் உண்டு, அவற்றுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் வாங்கும் இடத்திலேயே ஒப்பிட்டுவிடுங்கள். பேனா ஊசியில் இந்தக் குழப்பம் இல்லை, 4 மில்லிமீட்டர் ஊசி என்பதால் வலியும் மிகக் குறைவு. திறக்காத மருந்து ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் இருக்கட்டும். உறைபெட்டியில் வைத்தால் வீணாகிவிடும். பயன்படுத்தத் தொடங்கியதை வெயில் படாமல் வெளியிலேயே நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம், கோடையில் ஈரமான மண்பானைக்குள் வைப்பது நல்லது. வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே கட்டியாகி மருந்து சரியாக உறிஞ்சப்படாது, தினமும் இடம் மாற்றவேண்டும். மருத்துவரிடம் போகும்போது சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம், விழித்திரைப் பரிசோதனை, பி12, மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அந்த விகிதம் 30-க்குள் இருந்தால் சிறுநீரகத்தில் கசிவு இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். அதற்கு மேல் இருந்தால் ஒரு முறை பார்த்து முடிவுக்கு வராமல் மறுபடி எடுத்து உறுதிசெய்வார்கள். தொடங்கிய பிறகு காலை வெறும் வயிற்று அளவைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்; இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் யூனிட்டை ஏற்றவோ இறக்கவோ முடியும்.